அகழி மனை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தம்பி காலையில் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். காபியை வாயில் வைக்கும் முன்பே பேச்சை எடுத்துவிட்டான். பின்சந்தில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறவர் வீட்டைக் கேட்கிறாராம். ஒரு கோடியே இருபது லட்சம். இடித்துவிட்டு குடோன் கட்டுவார். "வீடு காலியா இருக்கணும்க்கா. அது ஒண்ணுதான் அவரு கேக்குறது."

தெற்கு மாரட் வீதியிலிருந்து உள்ளே போகும் சந்தில் கிழமேல் 22 அடி, தென்வடல் 54 அடி. இரண்டே முக்கால் சென்ட் கூட முழுசாக வராது. அப்பா மில் வேலையில் மிச்சம் பிடித்த பணத்தில் 1971-ல் வாங்கி, பிறகு மாடி எடுத்தார். கீழே முன்கட்டில் நான், பின்கட்டில் ஒரு குடும்பம், மாடியில் இரண்டு. முற்றத்தில் ஒரே குழாய். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தால் யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்பது எழுதாமலே தெரியும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முதல் குடம். அந்த ஏற்பாட்டை யார் எப்போது செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"நீயும் தங்கச்சியும் பங்க விட்டுக்குடுக்குறதா விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். ஒரே ஆளா நின்னு வித்தாத்தான் வேலை சுலபம்" என்றான். சட்டென்று கோபம் வந்தது. பதில் சொல்லவில்லை. முதலில் தாள்களைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாலையில் மாடி ஏறுவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாடிக்காரி மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்: "டீச்சர், தம்பி வந்துட்டுப் போனாகளாமே. எங்கள எப்பக் காலி பண்ணச் சொல்றாக?"

அவள் வீட்டுக்காரர் தெற்காவணி மூல வீதியில் நகைக்குப் பாலிஷ் போடுகிறவர். 2019-ல் மூன்றரை லட்சம் ஒத்திக்கு வந்தார்கள். பின்கட்டில் இருக்கும் அம்மாவின் ஒத்தி மூன்று லட்சம். அவர் மகன் தையற்காரர். புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் மிஷின் போட்டிருந்தவர், கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது கூடவே போனவர். மாடியில் இன்னொரு வீடு அப்பளம் போடுகிறவர்கள்; மாத வாடகை.

மதுரையில் நிறையப் பேர் ஒத்திக்குத்தான் குடியிருக்கிறார்கள். ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை. வீட்டை விடும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். மூன்றரை லட்சத்தை நூற்றுக்கு ஒரு வட்டிக்கு விட்டால் மாதம் 3,500 கிடைக்கும். வட்டிக்கும் வாடகைக்கும் சரியாகப் போகிறது என்பதுதான் கணக்கு. மாதச் சம்பளமோ வங்கிக் கடனோ இல்லாதவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. தென்கொரியாவில் ஜொன்ஸே என்ற பெயரில் நாடு முழுக்க இதே முறை நடக்கிறது. அங்கே வாங்கிய பணத்தைத் திருப்ப முடியாத வீட்டுக்காரர்களால் சில வருடங்களுக்கு முன் ஏராளமான இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அவளுடைய மூன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போட்ட வளையல், குழுக் கடன், ஒரு சீட்டைத் தள்ளி எடுத்தது. தாளில் இருப்பதோ அவள் புருஷன் பெயர். அந்தத் தாளும் ஒத்திப் பத்திரம் இல்லை. முத்திரைத் தாளில் அடித்த பதினோரு மாத வாடகை ஒப்பந்தம். முறைப்படி எழுதிப் பதிவு செய்தால் ஒத்தி என்பது 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தில் வரும் அனுபோக அடமானம். பணம் திரும்பும்வரை வீடு அவர்கள் கையில், யார் வாங்கினாலும் அந்தக் கடன் வீட்டோடு போகும். பதிவுக்குச் செலவு, வீட்டுக்காரருக்குத் தயக்கம். யாரும் செய்வதில்லை.

இந்தப் பணம் எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும். மாடியிலிருந்து வந்தது அப்பாவின் நெஞ்சு ஆபரேஷனுக்கு. பின்கட்டிலிருந்து வந்தது தம்பி மகனை இன்ஜினியரிங் சேர்க்க. அந்தப் பையன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான், சந்தோஷம். அந்தப் படிப்பில் தையல் மிஷின் மிதித்த பணம் இருக்கிறது.

"பணத்தக் குடுத்துதான் அனுப்புவோம்" என்றேன். "குடுப்பீக டீச்சர். மூன்றரைக்கு இப்ப இங்கிட்டு எவன் வீடு குடுப்பான்? வில்லாபுரம் தாண்டிப் போகணும். பிள்ளைக்கு இந்த வருசம் பத்தாங்கிளாஸு" என்றாள். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி, அலுவலகம் கிடையாது. இன்று பத்திர எழுத்தரிடம் போனேன். அப்பாவுக்கு எழுதிய பெரியவரின் மகன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

முதலில் வில்லங்கச் சான்று. 1971 கிரயத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. "சுத்தமான சொத்து டீச்சர், ஒரு வில்லங்கமும் இல்லை" என்றார் நல்ல மனதோடு. ஆறரை லட்சம் ரூபாய் அடுத்தவர் பணம் இந்த வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டு குடும்பம் அதை நம்பிப் படுத்து எழுந்திருக்கிறது. அரசாங்கத் தாள் ஒன்றுமே இல்லை என்கிறது. அப்படியானால் அவர்கள் பாடு என்ன என்று கேட்டேன். "குடியிருக்காங்கன்னு கண்ணால பாத்துட்டு வாங்குறவரு, தெரியாதுன்னு சொல்ல முடியாது. சட்டம் அப்படி. ஆனா அதுக்குக் கோர்ட்டுக்குப் போகணும்." பூக்கட்டுகிறவள் கோர்ட்டுக்குப் போவாளா?

பிறகு வாரிசு விஷயம். பெண்களுக்குப் பங்கு 1989-க்கு அப்புறம்தானே, அதற்கு முன்பே கல்யாணமான எனக்கு வராதே என்று தம்பி கேட்டதைச் சொன்னேன். அவர் தெளிவாகச் சொன்னார். 1989 தமிழ்நாட்டுத் திருத்தமும், நாடு முழுக்க வந்த 2005 திருத்தமும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை தந்தவை. 2005 திருத்தத்துக்கு அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையை உச்சநீதிமன்றம் 2020-ல் தீர்த்து வைத்தது, வேண்டியதில்லை என்று. எங்கள் வீட்டுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை, அம்மா முன்பே போய்விட்டார். 1956 சட்டப்படியே மூன்று பிள்ளைக்கும் சமபங்கு. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது 1929-ல். எத்தனை காலம் ஆகியும் படித்த என் தம்பிக்கே இது புதுச் செய்தி. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் இதை யாரும் வீட்டில் உட்கார்ந்து பேசுவதில்லை.

தாய்ப் பத்திரத்தையும் பிரித்தார். ஓரம் உதிர்ந்த தாள். நான்கு மாலும் அக்கம்பக்கத்தார் பெயராலேயே எழுதியிருக்கிறது: இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் சுவருக்கு மேற்கு. இடத்தின் விவரத்தில் கோட்டை அகழி தூர்த்த மனை என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது.

பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் சொல்லித் தந்த கதைதான். நாயக்கர் காலக் கோட்டைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தது மதுரை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவெடுத்தார். அவ்வளவு பெரிய வேலைக்கு அரசாங்கத்திடம் பணம் இல்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முன்வருகிறவருக்கு அந்த இடமே மனை என்று அறிவித்தார். ஜனங்கள் கூடையும் மண்வெட்டியுமாக வந்தார்கள். அளந்து கொடுத்த மாரட் பெயரிலும், வேலையை முன்நின்று நடத்திய பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு நன்றியாக நட்ட விளக்குத்தூண் இருக்கிறது. கோட்டையில் பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கொத்தளம் மிச்சம். ஆக, இந்த மனையின் முதல் சொந்தக்காரர் இதை விலை கொடுத்து வாங்கவில்லை. மண் சுமந்து வாங்கினார்.

ஆகஸ்ட் 30, சனி

சின்னவள் போனில் அழுதாள். "அப்பா எனக்கு முப்பது பவுன் போட்டாரே அக்கா. அதுக்கு மேலயும் கேட்டா ஊரு என்ன சொல்லும்?" தம்பிக்கு அப்பா கொடுத்ததை யாரும் பவுன் கணக்கில் வைக்கவில்லையே என்றேன். படிப்பு, வேலைக்குக் கட்டிய டெபாசிட், கோயம்புத்தூர் வீட்டுக்கு முன்பணம். அதையெல்லாம் சீர் என்று யாரும் சொன்னதில்லை. நீ கேட்டு வாங்கவில்லை, உன்னுடையது உன்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னேன். "அண்ணன் பேசாமப் போயிட்டா?" என்றாள். பெண்கள் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் இந்த ஒரு பயத்தில்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தம்பி மறுபடியும் வந்தான். விற்ற பணத்தில் எனக்கு இடம் காட்டுகிறேன் என்று காரில் தோப்பூர்ப் பக்கம் கூட்டிப் போனான். 2019-ல் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தச் சாலை முழுக்கக் கொடிக்கம்பமும் வண்ணக் கல்லும்தான். மஞ்சள் சட்டை போட்ட பையன் குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "ஆஸ்பத்திரி வந்துச்சுன்னா இது தங்கம் மேடம்."

நான் பார்த்தது மண்ணை. கறுத்த மண், நடுவில் மட்டும் புதிதாகக் கொட்டிய சரளை. ஓரத்தில் கருவேலம், அதற்கு அப்பால் கரை போலத் தெரிந்த மேடு. கண்மாய்க்கு நீர் வரும் வழி அது என்று ஆடு மேய்த்தவர் சொன்னார். மதுரையைச் சுற்றிய சமவெளியே கண்மாய்களால் ஆனது. ஒன்று நிரம்பி அடுத்ததற்கு விடும். நகரம் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. 2004-ல் திறந்த உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தான் நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது.

அங்கீகாரத் தாளைக் கேட்டேன். பையன் திணறினான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர்நீதிமன்றம் 2016-ல் தடை போட்ட பிறகுதான் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்த வருடம் அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளுக்கு மட்டும். அதற்குப் பிந்தியது என்றால் நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது தம்பி பேசவில்லை. திருப்பரங்குன்றம் வந்ததும், "உனக்கு அந்தச் சந்துதான் வேணுமாக்கா?" என்றான். அந்தச் சந்து நிலைக்காது என்று எனக்கும் தெரியும். நான்கு பக்கமும் குடோனும் லாட்ஜுமாக ஆகிவிட்டது. விற்பதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை, எப்படி விற்கிறோம் என்பதுதான் என் கேள்வி என்றேன். முதல் முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

அப்பளக்கார வீட்டுப் பையன் கப்பலில் வேலை செய்கிறான். இந்தோனேசியாவின் சுரபாயா துறைமுகத்தில் நிற்கிறார்களாம். அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடமும் பேசினான். இறங்கிச் சுற்றிப் பார்த்த தெருக்களை வீடியோவில் காட்டினான். கம்போங் என்று சொல்லும் குடியிருப்பு. ஆள் நடக்கும் அளவு சந்து, இருபுறமும் தொட்டிச் செடி, வாசலில் உட்கார்ந்த கிழவிகள். நம் சந்தேதான். சாக்கடையும் நடைபாதையும் குடிநீரும் கொடுத்து, குடியிருப்பவர்களை விரட்டாமலே அந்த ஊர்க் கம்போங்குகளைச் சீர்செய்தார்கள். கெபாலன் என்ற கம்போங்குக்கு அதற்காக 1986-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

அதே ஊரில் ஒரு பிரச்சினையும் உண்டு. பல குடும்பங்கள் மாநகராட்சி மண்ணில் தலைமுறையாக வீடு கட்டி இருக்கிறார்கள். கையில் இருப்பது பச்சைத் தாள் என்று பேர் பெற்ற அனுமதிச் சீட்டு. வருடா வருடம் கட்டணம் கட்டுகிறார்கள். சொந்தமாக எழுதித் தரச் சொல்லி நெடுங்காலமாகப் போராடுகிறார்கள்.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரின் நிலைமையும் இதுதான். கட்டடம் அவருடையது, அடிமனை கோயிலுடையது. மாமனார் காலத்தில் அடிமனைக்கு வாடகையாகக் கட்டியது சில்லறைக் காசு. இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு முறை வாடகையைத் திருத்துகிறார்கள்; நிலுவை என்று வரும் நோட்டீஸைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. அடிமனையில் கட்டியவர் அந்த மண்ணை விலைக்குக் கேட்கலாம் என்று சென்னைக்காக 1921-ல் வந்து மற்ற ஊர்களுக்கும் நீண்ட சட்டத்தில் ஒரு வழி இருந்தது. 1996-ல் கோயில் நிலங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோயில் சொத்து கோயிலுக்குத்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாக ஒழுங்காகப் பணம் கட்டியவரையும், நேற்று இரவில் வேலி போட்டு வளைத்தவரையும் ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரே வரியில் எழுதுவது நியாயம் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

பிட்டுத் திருவிழா. திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் வந்திருக்கிறார்கள். சுவாமியும் அம்மனும் புட்டுத்தோப்புக்குப் போனதால் கோயில் நடை சாத்தியிருந்தது. மாடிக்காரியும் நானும் பின்கட்டு அம்மாவும் ஒன்றாகப் போனோம். வெயில் கொளுத்தியது. பாலத்தில் நின்று பார்த்தால் வைகையில் ஆகாயத்தாமரையும் கொஞ்சம் தண்ணீரும்.

கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்று வேறு மாதிரி கேட்டது. வெள்ளம் வந்ததும் பாண்டியன் கரையை அளந்து வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தான். பிட்டு விற்கிற வந்திக்கும் ஒரு பங்கு விழுந்தது. பிள்ளை குட்டி இல்லாதவள், கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லாதவள். கரை அடைக்கும் கணக்கில் மட்டும் அவள் பெயரை யாரும் விடவில்லை. சுமையைப் பங்கு போடும்போது பெண் பெயர் தவறாமல் இருக்கிறது. சொத்தைப் பங்கு போடும்போதுதான் காணாமல் போகிறது. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு அவளுக்காக மண் சுமக்கச் சொக்கநாதரே வர வேண்டியிருந்தது. அரசன் அடித்த பிரம்படி எல்லா உயிர் மேலும் விழுந்தது என்று ஓதுவார் சொன்னபோது பின்கட்டு அம்மா தன் முதுகைத் தடவிக்கொண்டார்.

அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது ராத்திரி அவரைப் புரட்டிப் போட என் ஒருத்தியால் முடியாது. மாடியிலிருந்து நகைப் பட்டறைக்காரர் இறங்கி வருவார். பின்கட்டு அம்மா கஞ்சி வைப்பார். இதற்காகக் கூடுதல் பங்கு கேட்கும் எண்ணம் எனக்கில்லை. சட்டத்திலும் அப்படி இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டியது ஒரு பைசா குறையக் கூடாது, ஒரு நாளும் இழுபடக் கூடாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சின்னவளும் அவள் வீட்டுக்காரரும் ராஜபாளையத்திலிருந்து வந்தார்கள். தம்பியும் தம்பி மனைவியும் வந்தார்கள். முன்கட்டில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்.

விடுதலைப் பத்திரம் கிடையாது. குடும்பத்துக்குள் விட்டுக்கொடுத்தால் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக்கட்டணம் 10,000, செலவு குறைவு என்று தம்பி கணக்குக் காட்டினான். வெளியாள் வாங்கும்போது 7 சதவீதமும் 2 சதவீதமும் வாங்குகிறவர் கட்டப்போகிறார். நாங்கள் எதற்கு இடையில் ஒரு பத்திரம்? கிரயத்தில் மூன்று பேருமே விற்பவர்களாகக் கையெழுத்துப் போடுகிறோம். அவரவர் பங்கு அவரவர் வங்கிக் கணக்கில்.

ஒத்திப் பணம் மூன்று பங்கு பிரிப்பதற்கு முன்னால் கழியும். வியாபாரி தரும் முன்பணத்திலிருந்து முதலில் போகிற ரூபாய் அதுதான். இதில் தம்பிக்கு முகம் மாறியது. "அப்பா ஆபரேஷனுக்கு வாங்குனது பொது. பின்கட்டுப் பணத்த..." என்று அவனே ஆரம்பித்து அவனே நிறுத்தினான். தம்பி மனைவிதான் சொன்னாள்: "அந்த மூணு லட்சம் நம்ம பையனுக்கு வாங்குனதுங்க. நம்ம பங்குல கழிச்சுக்கலாம்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சின்னவள் அதுவரை பேசவே இல்லை. பிறகு மெதுவாக, "அண்ணே, எனக்கும் வேணும்ணே" என்றாள். "ஒனக்கு இல்லேன்னு யாருத்தா சொன்னது" என்றான் அவன். பதினைந்து நாளுக்கு முன் அவன்தான் சொன்னான். இன்று அவன் மனதாரச் சொன்னதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாவி ஒப்படைப்பது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, மே மாதம். வியாபாரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆள் பார்ப்பது. தம்பி அங்கேயே போன் போட்டான். அவர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். அட்வான்ஸைக் குறைப்பேன் என்றார். ஒத்திக்குப் போதுமான அளவுக்குக் கீழே குறையக் கூடாது என்று நான் வாங்கிப் பேசினேன். சரி என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டேன், அதற்கு மட்டும் எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யப்போகிறோம். அதில் இந்த இரண்டு ஒத்தியும், தொகையும், திருப்பும் தேதியும் எழுத வேண்டும். கணவர் பெயரோ மகன் பெயரோ மட்டும் போதாது. பணத்தைச் சேர்த்த பெண்கள் பெயரும் வர வேண்டும். "அக்ரிமென்ட்டுல குடியிருக்கவங்க பேரெல்லாம் யாருக்கா எழுதுவா?" என்றான் தம்பி. நாம் எழுதுவோம் என்றேன்.

மாடிக்கும் பின்கட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பின்கட்டு அம்மா ஆதார் அட்டையைத் தேட ஆரம்பித்தார். மாடிக்காரி அட்டையில் அப்பா பெயர் தப்பாக அச்சாகியிருக்கிறதே, பரவாயில்லையா என்று கேட்டாள். நாளை காலை பத்தரைக்குப் பத்திர எழுத்தர் வரச் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் ஆட்டோவில் போகிறோம்.